தண்ணீர் குடிக்காத கல்

புகாரா, தூத்ஸார் மஹல்லா
ஜூன் 9

அன்புத் தம்பி ஹிக்மத்ஜானுக்கு அக்கா மஸ்தூரா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் மருமகள் குல்ருக்கும் சுகம். கொரியாவில் மகன் ஷுஹ்ரத்தும் சுகம்தான், போன வாரம் பேசினான். உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? உன் மனைவி மெஹ்ரியின் முழங்கால் வலி குறைந்ததா? தாஷ்கென்ட் வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுவாய். முப்பத்தோரு வருஷம் இந்தப் பழைய நகரத்தில் தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தவள் நான். காகிதத்தில் கேட்டால்தான் ஆட்கள் யோசித்துப் பதில் சொல்வார்கள் என்பதை எத்தனையோ வாசலில் பார்த்திருக்கிறேன்.

விஷயம் நம் சந்து. செங்கல்லை எல்லாம் பெயர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இடத்தில் கிரானைட். சும்மா கிரானைட் இல்லை, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. குனிந்தால் என் மூஞ்சி தெரிகிறது. இந்த வயதில் அது யாருக்கு வேண்டும்? கல்லுக்கு அடியில் கான்கிரீட் கொட்டியதில் தெரு ஒரு சாண் உயர்ந்து, நம் வாசற்படி பள்ளத்துக்குப் போய்விட்டது. முனையில் நின்ற இரண்டு முசுக்கட்டை மரங்களையும் வெட்டிவிட்டார்கள். பழம் விழுந்தால் கல்லில் கறை படியுமாம்! மனுஷன் நிழலில் நின்று மூச்சு வாங்கினால் அது ஒரு கணக்கே இல்லை, கல்லுக்குக் கறை படக் கூடாது.

இந்த வேலையின் வரைபடம் உங்கள் வடிவமைப்பு அலுவலகத்தில்தான் தயாரானது என்று நம் பேட்டையின் மஹல்லாத் தலைவர் ஸைஃபித்தீன் சொன்னார். எந்த மகானுபாவன் இந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்தான் என்று விசாரித்து எழுது. அந்த ஆள் தன் வாழ்நாளில் ஒரு தெருவையாவது நடந்து கடந்திருக்கிறானா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மெஹ்ரிக்கு என் முத்தங்கள். பதில் போடு.
அக்கா மஸ்தூரா


தாஷ்கென்ட்
ஜூலை 2

மரியாதைக்குரிய அக்காவுக்கு ஹிக்மத்தின் பணிவான ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். என் ரத்த அழுத்தம் மாத்திரையில் கட்டுப்பட்டிருக்கிறது. மெஹ்ரி நீங்கள் அனுப்பிய சீமை அத்திப்பழ ஜாமைப் புகழ்ந்துகொண்டே இருக்கிறாள். ஷுஹ்ரத்துக்கும் குல்ருக்குக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

தெரு விஷயம். இப்படிப்பட்ட திட்டங்கள் பல கைகள் மாறி வருபவை அக்கா. ஒருவர் வரைவார், ஒருவர் திருத்துவார், இன்னொருவர் ஒப்புதல் தருவார். இதைச் செய்தவர் இவர்தான் என்று ஒருவரைச் சுட்டுவது கடினம். கிரானைட் நூறு வருஷம் உழைக்கும். புதுசு என்பதால் கண்ணை உறுத்துகிறது. நடக்க நடக்கப் பழகிவிடும். இருந்தாலும் விசாரிக்கிறேன்.

இந்த மாதம் வேலை அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
தம்பி ஹிக்மத்


புகாரா
ஆகஸ்ட் 24

அன்புத் தம்பிக்கு அக்கா ஸலாம். நாங்கள் சுகம், வெயிலைத் தவிர. உங்கள் சுகம் அறிய ஆவல்.

பழகிவிடும் என்று எழுதியிருந்தாய். பழகிக்கொண்டுதான் இருக்கிறோம். நண்பகலில் கல்லிலிருந்து சூடு எழும்பிக் கண்ணுக்குள் போகிறது. பக்கத்து வீட்டு ஹாஸியத் ரொட்டிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்து முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டுதான் நடக்கிறாள். உட்கார ஒரு பலகை கிடையாது. போதாததற்குச் சந்து முனையில் ஹோட்டல்காரர்களின் கார்கள் நடைபாதை மேலேயே நிற்கின்றன. குழந்தை வண்டியைத் தள்ளுகிறவள் நடு ரோட்டுக்கு இறங்கித்தான் சுற்றி வர வேண்டும்.

பொறுக்காமல் ஸைஃபித்தீனிடம் போனேன்.

"அக்கா, டூரிஸ்ட்டுங்க எல்லாம் நின்னு நின்னு படம் எடுக்கறாங்க. தெரு பளிச்சுனு இருக்கு. உங்களுக்கு மட்டும் என்ன குறை?"

"நான் படத்துல இருக்கறவ இல்ல ஸைஃபித்தீன். எனக்குக் கால் இருக்கு."

"உங்க தம்பியே வந்து பாத்துட்டு நல்லா இருக்குன்னுதான சொன்னாரு!"

"எந்தத் தம்பி?"

"ஹிக்மத்ஜான்தான். மே மாசம் திறப்பு விழாவுக்குப் பெரிய மனுஷங்களோட வந்தாரே. அந்தச் சின்ன பேட்டரி வண்டியில உக்காந்து, இந்த முனையிலேர்ந்து சதுக்கம் வரைக்கும் போனாங்களே. ஏன், வீட்டுக்கு வரலையா?"

வரவில்லை. நம் வாசலைத் தாண்டித்தான் அந்த வண்டி போயிருக்கிறது. நான் அன்றைக்குப் பல்லுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தேன். குல்ருக் இருந்தாளே, ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்திருக்க மாட்டாளா? அவசரம் என்றால் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஜூலையில் எழுதிய கடிதத்திலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. என்னவோ போ.

விசாரித்தாயா?
அக்கா மஸ்தூரா


தாஷ்கென்ட்
அக்டோபர் 11

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். தாமதத்துக்கு மன்னியுங்கள். ஆண்டு இறுதிக்குள் முடிக்க வேண்டிய வேலைகள். நாங்கள் நலம். உங்கள் பல் வலி எப்படி இருக்கிறது?

மே மாதம் நான் வந்தது உண்மைதான். மேலதிகாரிகளோடு வந்ததால் என்னால் தனியே விலக முடியவில்லை. மாலை ரயிலிலேயே திரும்ப வேண்டியிருந்தது.

தனிப் பார்சலில் உங்களுக்கும் குல்ருக்குக்கும் ஆளுக்கொரு ஜோடி காலணி அனுப்பியிருக்கிறேன். அடிப்பாகம் ஆழமான பற்களோடு இருக்கும், மலை ஏறுகிறவர்கள் போடுவது. குளிர் தொடங்கியதும் இதையே போடுங்கள். அந்த வழவழப்பான ரப்பர் கலோஷ் வேண்டாம்.

வேறு விசேஷம் இல்லை.
ஹிக்மத்


புகாரா
நவம்பர் 27

தம்பிக்கு ஸலாம். நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

ஹாஸியத் விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவள் மகன் ஜம்ஷீதின் கல்யாணத்துக்கு விடியற்காலைப் பிலாவ் விருந்து. முந்நூறு ஆண்கள் தொழுகை முடிந்து நேரே வரப்போகிறார்கள். பக்கத்து வீட்டு விருந்து என்றால் நம் வீட்டு மருமகள் தெருவைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பாள், அது உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குல்ருக் யாரும் கேட்காமலே எழுந்து, நம் வாசலில் தொடங்கி ஹாஸியத் வாசலைத் தாண்டிச் சந்து முனை வரை இரண்டு வாளி தெளித்திருக்கிறாள். நெஞ்சு நிறைந்து செய்தாள். ஒரு மணி நேரத்தில் அது முழுக்க உறைந்துவிட்டது.

கொம்பு ஊதுகிறவர்கள் வந்து ஊதத் தொடங்கியதும் ஹாஸியத் வெளியே வந்தாள். அவள் காலில் கலோஷ். இரண்டாவது அடியில் விழுந்தாள். அவள் மகன் கல்யாணத்துக்கு ஊதிய கொம்புச் சத்தத்தில் அவள் அலறியது முதலில் யாருக்கும் கேட்கவில்லை.

குல்ருக் சுவரோரமாக உட்கார்ந்து அழுதாள். "போன வருஷம் இதே மாசம் அவங்க பொண்ணு கல்யாணத்துக்கும் நான்தாம்மா தெளிச்சேன். ஒண்ணும் ஆகலையே. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே."

ஆகாது. அப்போது செங்கல் இருந்தது. செங்கல் தெளித்த தண்ணீரைக் குடித்துவிடும். இந்தக் கல் ஒரு சொட்டுக் குடிக்காது. இது எனக்கே அந்த நிமிஷம்தான் உறைத்தது. அறிவு கெட்டவள், முப்பத்தோரு வருஷம் நடந்தேனே, நானாவது அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டாமா?

நீ அனுப்பிய காலணி என் காலில் இருந்தது. நான் விழவில்லை.
மஸ்தூரா


புகாரா
டிசம்பர் 20

தம்பிக்கு ஸலாம். உங்கள் சுகத்தை ஆண்டவன் காக்கட்டும். போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை.

மேலிடத்திலிருந்து ஓர் ஆய்வுக் குழு வந்தது. மூன்று பேர். அளந்தார்கள், படம் எடுத்தார்கள், ஸைஃபித்தீன் வீட்டில் கொழுத்த ஆட்டுக்கறி தின்றார்கள். அறிக்கை வந்துவிட்டது. கல் "தரமானது". விபத்துக்குக் காரணம், "குடியிருப்பவர் பொதுப் பாதையில் அனுமதியின்றி நீர் ஊற்றியது". குல்ருக்கின் முழுப் பெயர், பிறந்த தேதி, நம் வீட்டு இலக்கம், எல்லாம் பிழையில்லாமல் போட்டிருக்கிறார்கள்.

பொதுப் பாதையாம்! நூறு தலைமுறையாக இந்த ஊர்ப் பெண்கள் பெருக்கிக் கொடுத்த பாதை. அதற்கு அனுமதி யாரிடம் வாங்குவது, துடைப்பத்திடமா?

ஜனவரி 28-ம் தேதி மஹல்லா மண்டபத்தில் விசாரணை. குற்றம் என்று பதிவானால் பிப்ரவரியில் குல்ருக் சேர வேண்டிய பாலர் பள்ளி வேலை போய்விடும். பதிவில் பெயர் உள்ளவளைக் குழந்தைகள் பக்கத்தில் விட மாட்டார்கள். அந்த வேலைக்காக இரண்டு வருஷம் படித்தாள் தம்பி. கிஜ்துவானிலிருந்து அவள் அம்மா வந்து, "பொண்ணக் கூட்டிட்டுப் போறேன் சம்பந்தி, இங்க இருந்து அவ பேச்சு வாங்க வேணாம்" என்று அழுகிறாள். பேச்சு வாங்கத்தான் செய்கிறாள். குழாயடியில் ஒருத்தி இவள் காதுபடவே சொன்னாளாம்: "சில பேர் கால் வெச்சா வீடு விளங்கும். சில பேர் கால் வெச்சா அடுத்த வீட்டு இடுப்பு ஒடியும்." ஹாஸியத் வீட்டில் இப்போது எங்கள் ஸலாமுக்குப் பதில் கிடையாது.

ஆகையால் கேள். அந்தக் கல் முதலில் வரைபடத்தில் எப்படி இருந்தது, யார் மாற்றினார்கள் என்பதற்கு உங்கள் அலுவலகத்தில் தாள் இருக்கும். முத்திரையும் கையெழுத்தும் இல்லாமல் எதுவும் நகராது என்பது எனக்குத் தெரியும். அந்தத் தாளின் நகல் எனக்கு வேண்டும். நம் வீட்டுப் பெண்ணைக் காப்பாற்ற வேறு எதுவும் இல்லை.
அக்கா


தாஷ்கென்ட்
டிசம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். ஹாஸியத் அக்காவின் செய்தி கேட்டு மிகவும் வருந்தினோம். மெஹ்ரி அழுதாள்.

நீங்கள் கேட்கும் தாள் ஆவணக் காப்பறையில் இருக்கிறது. எடுக்க அனுமதி வேண்டும், அது எளிதில்லை. நான் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். அபராதம் எவ்வளவு வந்தாலும் நான் கட்டிவிடுகிறேன். குல்ருக்குக்குத் தாஷ்கென்டில் எனக்குத் தெரிந்த பள்ளியில் வேலை பார்க்கலாம். பெரிய இடத்தோடு மோத வேண்டாம்.

புத்தாண்டு வாழ்த்துகள்.
ஹிக்மத்


புகாரா
ஜனவரி 7

ஹிக்மத்,

ஸலாமும் சுக விசாரிப்பும் இந்தக் கடிதத்தில் இல்லை.

அபராதம் கட்டினால் குற்றம் செய்தேன் என்று குல்ருக் ஒப்புக்கொண்டதாகும். அதைக் கட்டத்தான் நீ இருக்கிறாயா? அவள் திருடினாளா, ஊரை விட்டு ஓட?

நேற்று ஹாஸியத் வீட்டுக்குப் போனேன். கதவை ஜம்ஷீதின் புதுப் பெண்டாட்டிதான் திறந்தாள், பாவம், கல்யாணத்தன்றே மாமியார் படுக்கையில் விழுந்த வீட்டுக்கு வந்தவள். ஹாஸியத் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "உம் மருமக தண்ணி ஊத்தாம இருந்திருந்தா நான் என் மகன் கல்யாணத்துல நின்னுருப்பேன் மஸ்தூரா" என்றாள். அவள் சொன்னது பொய் இல்லை. திரும்பி வந்தேன்.

திரும்பி வரும்போது கீழே பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக வைத்து நடக்கும்போது கீழேதானே பார்க்க வேண்டும். என் காலில் உன் காலணி. அப்போது ஒரு கேள்வி வந்தது. முதல் உறைபனிக்கு ஆறு வாரம் முன்னால் இந்தக் காலணியை ஏன் அனுப்பினாய்? கலோஷ் வேண்டாம் என்று ஏன் எழுதினாய்? அந்தக் கல் வழுக்கும் என்று அக்டோபரிலேயே உனக்கு யார் சொன்னது?

எங்கள் இருவருக்கும் அனுப்பினாய். ஹாஸியத்துக்கு அனுப்பவில்லை.

பதில் எழுது. இந்த முறை உண்மையை எழுது.
மஸ்தூரா


தாஷ்கென்ட்
ஜனவரி 16

அக்கா,

தாளின் நகல் இதோடு இருக்கிறது. முத்திரை சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

நான் வரைந்ததில் கல்லின் மேற்பரப்பைத் தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். மரங்களையும் விட்டு வைத்திருந்தேன். போன மார்ச்சில் மேலதிகாரி ஒருவர் சொரசொரப்பானது, மெருகேற்றியது என இரண்டு மாதிரிக் கற்களையும் பார்க்க வந்தார். சொரசொரப்பானதைக் கையால் தள்ளிவிட்டு, "இது என்ன ஆட்டுத் தொழுவத்துக்குப் போடறதா? படத்துல பளபளன்னு வரணும்" என்றார். மாற்றத்துக்கான தாளை அன்று மாலையே தயார் செய்தார்கள். அதில் திட்டப் பொறியாளர் கையெழுத்து வேண்டும். நான்தான் திட்டப் பொறியாளர்.

தெரியாமல் போட்ட கையெழுத்து என்று உங்களிடம் சொல்ல முடியாது. எல்லோரும் போன பிறகு மெருகேற்றிய கல்லை முற்றத்தில் வைத்து ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி ஏறி நின்று பார்த்தேன். கால் போய்விட்டது. தோட்டக்காரன் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பேன். பிறகு உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். துறைத் தலைவர் பதவிக்கு என் பெயர் பரிந்துரையில் இருந்தது. ஏப்ரலில் பதவி வந்தது. உங்களுக்கு அதையும் நான் எழுதவில்லை.

மே மாதம் வண்டி நம் வாசலைத் தாண்டியபோது குல்ருக் தெருவில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் அவளைப் பார்த்தேன். அப்போதே இறங்கியிருக்க வேண்டும்.

தாளை உங்கள் இஷ்டப்படி பயன்படுத்துங்கள். கீழே உள்ள பெயரை மறைக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன்.
ஹிக்மத்


புகாரா
ஜனவரி 31

தம்பி ஹிக்மத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு யாருக்கும் காட்டாமல் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். உன்னை அடிக்க வேண்டும் போல இருந்தது. பிறகு உன் வேலை போகும், மெஹ்ரி என்ன செய்வாள் என்று நினைத்து அழுதேன். பிறகு மறுபடியும் அடிக்க வேண்டும் போல இருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

விசாரணை நடந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மண்டபத்தில் நிற்க இடமில்லை. ஹாஸியத்தை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். தூக்கியவர்கள் கல்லில் இரண்டு முறை தடுமாறினார்கள், குழு உறுப்பினர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துவிட்டும் குழுத் தலைவர் கல் தரமானது என்றுதான் ஆரம்பித்தார். நான் எழுந்து தாள் இருக்கிறது என்றேன். ஸைஃபித்தீன் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"அக்கா, கீழ இருக்கற பேர மட்டும் மடிச்சுக் குடுத்துடலாமே. ஆபீஸ் முத்திரை போதும். உங்க வீட்டுப் பேரு..."

எனக்கும் ஒரு கணம் ஆசை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். மடிப்பதற்கு என்ன, ஒரு விரல் வேலை. ஆனால் கையெழுத்து இல்லாத தாளைக் குழுத் தலைவர் குப்பையில் போடுவார். பழி திரும்பவும் அந்தப் பெண் தலையில்தான் வரும். நான் தாளைக் குல்ருக் கையில் கொடுத்து, நீயே படி என்றேன்.

அவள் நன்றாகப் படித்தாள், பாலர் பள்ளியில் படிப்பது போல நிறுத்தி நிதானமாக. சொரசொரப்பு என்பதற்குப் பதிலாக மெருகு என்று மாற்றிய வரி வந்ததும் மண்டபம் கொதித்தது. கடைசியில் அவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு அதுவரை தெரியாது.

"அம்மா, இதுக்கு மேலயும் படிக்கணுமா?"

"படி."

படித்தாள். உன் பெயரையும் நம் அப்பாவின் பெயரையும் சேர்த்துத்தான் படித்தாள். நான் தலையைக் குனியக் கூடாது என்று நினைத்திருந்தேன், குனிந்துவிட்டது.

ஹாஸியத்தான் முதலில் பேசினாள். "மஸ்தூரா, ஹிக்மத்துக்கு என்னைத் தெரியும்தான?"

"தெரியாம என்ன? உன் அடுப்புல சுட்ட ரொட்டி தின்னு வளந்தவன்."

"அப்ப என் காலு எந்தக் கல்லு மேல படும்னும் அவனுக்குத் தெரியும்."

பிறகு அவள் குல்ருக்கைக் கிட்டே கூப்பிட்டாள். இந்தப் பெண் பயந்துகொண்டே போனாள். ஹாஸியத் அவள் முகத்தைத் தன் பக்கம் இழுத்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "எம் மகன் கல்யாணத்துக்குத் தெரு தெளிச்சவ இவ ஒருத்திதான். எழுதிக்கங்க இதையும்" என்று குழுவைப் பார்த்துச் சொன்னாள். மண்டபத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். குல்ருக்கின் பெயரை நீக்கிவிட்டுத்தான் குழு வெளியே போக முடிந்தது. திங்கட்கிழமை அவள் வேலையில் சேருகிறாள்.

கல்லை வசந்தத்தில் மாற்றுவார்களாம். அதுவரை மணல் தூவச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் மனு எழுதச் சொல்கிறார்கள், எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் தாளின் நகலைக் குழுத் தலைவர் எடுத்துப் போயிருக்கிறார். பளபளப்பு கேட்ட அந்த மேலதிகாரியின் கையெழுத்து அதில் எங்கும் இல்லை என்பதை நீயும் கவனித்திருப்பாய். உன்னைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் எனக்கு எழுதியதை அங்கேயும் சொல், ஒரு வார்த்தை விடாமல், அவர் பெயரையும் சேர்த்து.

ஹாஸியத் உனக்கு ஒரு செய்தி சொல்லி அனுப்பினாள். மன்னிப்புக் கடிதம் எழுதினால் பிரிக்காமலே திருப்பி அனுப்புவாளாம். பணம் அனுப்பினால் தெருவில் எறிவாளாம். நீ நேரில் வர வேண்டும். சந்து முனையில் வண்டியை விட்டு இறங்கி, எல்லோரையும் போலச் சாதாரணச் செருப்போடு அவள் வாசல் வரை நடந்து வர வேண்டும். உறைபனி இன்னும் மூன்று வாரம் இருக்கும். தினமும் காலை ஏழு மணிக்கு அவள் நாற்காலியை ஜன்னலோரம் போடச் சொல்லியிருக்கிறாள்.

அங்கே போய்விட்டு நம் வீட்டுக்கு வா. தேநீர் வைக்கிறேன்.
அக்கா மஸ்தூரா